ஷாக் அடிக்காத பெட்டி பிறந்த கதை

மூன்றடி நீளத்துக்கு ஒரு பெட்டி. முகப்பில் வரிசையாக 30 சுவிட்சுகள். இடது கோடியில் இருப்பது 15 வோல்ட். அடுத்தது 30, அதற்கடுத்தது 45. இப்படிப் பதினைந்து பதினைந்தாக ஏறி, வலது கோடியில் 450 வோல்ட்டில் முடியும். நான்கு நான்கு சுவிட்சுகளுக்கு ஒரு பெயர் பொறித்திருக்கும்: லேசான ஷாக், மிதமான ஷாக், பலமான ஷாக், மிகப் பலமான ஷாக், கடும் ஷாக், அதிகடும் ஷாக், அபாயம். கடைசி இரண்டு சுவிட்சுகளுக்கு மட்டும் பெயர் கிடையாது. அங்கே மூன்று எக்ஸ் குறிகள்.

ஒரு சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே மின்சாரம் ஓடுகிற 'உர்' சத்தம் கேட்கும். நீல விளக்கு மினுக்கும். வோல்ட் மீட்டரின் முள் வலப்பக்கம் துள்ளும். ரிலே 'கிளிக்' என்னும். மேல் இடது மூலையில் 'ஷாக் ஜெனரேட்டர், டைப் இசட்.எல்.பி., டைசன் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி, வால்தம், மாசசூசெட்ஸ்' என்று எழுதியிருக்கும்.

அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. பெட்டியிலிருந்து கம்பி போன அடுத்த அறைக்கு ஒரு வோல்ட் மின்சாரமும் போனதில்லை. ஆனால் 1961 ஆகஸ்டிலிருந்து 1962 மே வரை இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் சுமார் 780 பேர். அவர்கள் எந்தச் சுவிட்சு வரை போனார்கள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு உலகம் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

மனிதன் பிறவியிலேயே நல்லவனா, கெட்டவனா என்பது பழைய பட்டிமன்றம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனத் தத்துவஞானிகளில் மென்சியஸ் நல்லவன் அணிக்கும், சுன்சி கெட்டவன் அணிக்கும் பேசி முடித்துவிட்டார்கள். ஐரோப்பியத் தத்துவஞானிகள் ஹாப்ஸும் ரூசோவும் அதே மேடையில் எதிரெதிரே நின்றார்கள். ஆளுக்கு ஆள் உதாரணம் சொன்னார்களே தவிர, அளந்து பார்க்க ஒரு கருவி எவரிடமும் இல்லை. அந்தப் பட்டிமன்றத்தின் நடுவர் நாற்காலியில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தவர் 27 வயது இளைஞர். பெயர் ஸ்டான்லி மில்கிராம்.

மில்கிராம் 1933-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த யூதர், ரொட்டி சுடுவது தொழில். அம்மா ருமேனியாவிலிருந்து வந்தவர். ஐரோப்பாவில் யூதர்களுக்கு என்ன நடக்கிறது என்ற செய்தி அந்த வீட்டில் ரேடியோ வழியாக ஓடிக்கொண்டே இருந்தது. போர் முடிந்ததும் வதைமுகாமிலிருந்து பிழைத்துவந்த உறவினர்கள் சிறிது காலம் அவர்கள் வீட்டில் தங்கினார்கள். அந்த உறவினர்களின் கையில் பச்சை குத்திய எண்ணைப் பார்த்து வளர்ந்த பையன் அவர். நியாயப்படி பிராக் நகரத்து யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, விஷவாயு அறையில் செத்திருக்க வேண்டியவன் தான், எப்படியோ பிராங்ஸ் ஆஸ்பத்திரியில் வந்து பிறந்துவிட்டேன் என்று நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் பின்னாளில் அவர் குறிப்பிட்டார்.

ஆக, கேள்வி வீட்டிலேயே இருந்தது. லட்சக்கணக்கானவர்களைக் கொல்வதற்கு நாலைந்து வெறியர்கள் போதாது. ரயில் ஓட்ட ஆள் வேண்டும், பட்டியல் போட ஆள் வேண்டும், கதவைப் பூட்ட ஆள் வேண்டும். மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கொஞ்சுகிறவர்கள் பகலில் அந்த வேலையை எப்படிச் செய்தார்கள்?

கேள்வி இருந்தது, அதைக் கேட்கும் விதத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சாலமன் ஆஷ். போலந்தின் வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர். 1950-களின் தொடக்கத்தில் ஆஷ் செய்த சோதனை மிக எளிமையானது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் அளவு என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் செட்டப் செய்த ஆட்கள். அவர்கள் கூசாமல் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். தனியாக மாட்டிக்கொண்ட அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்புப் பதிலைச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், இவரும் துணிந்து தன் கண்ணை நம்பிப் பேசினார்.

ஹார்வர்டில் ஆஷுக்கு உதவியாளராக இருந்த மில்கிராம், தன் முனைவர் பட்டத்துக்கு இதே சோதனையைக் கோடுகளுக்குப் பதில் ஒலிகளை வைத்து நார்வேயிலும் பிரான்சிலும் செய்தார். 1959-60-இல் பிரின்ஸ்டனில் ஆஷின் புத்தக வேலைக்கு உதவிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு குறை உறுத்தியது. கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? இதே கூட்ட நெருக்கடி ஒரு மனிதனை இன்னொரு மனிதனைத் துன்புறுத்த வைக்குமா? உதாரணமாக, எல்லோரும் ஷாக்கைக் கூட்டிக்கொண்டே போனால் இவரும் கூட்டுவாரா?

இங்கேதான் பெட்டி கருவில் உருவானது, அதுவும் ஒரு பக்க வேலையாக. கூட்டம் எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று அளக்க வேண்டுமென்றால், கூட்டமே இல்லாதபோது ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்று முதலில் தெரிய வேண்டும். கூட்டம் இல்லையென்றால் பக்கத்தில் நின்று 'போடு' என்று சொல்ல ஆராய்ச்சியாளர் ஒருவர் மட்டும் இருப்பார். அவர் சொன்னதற்காக மட்டும் ஒருவர் எதுவரை போவார்? ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்ட அந்தச் சின்னக் கேள்விதான் பெரிய கேள்வி என்று மில்கிராமுக்கு அப்போது பொறி தட்டியது. கூட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். கட்டளையை எடுத்துக்கொண்டார்.

இந்தச் சோதனை அடால்ஃப் ஐக்மன் வழக்கைப் பார்த்துப் பிறந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை மேற்பார்த்த நாஜி அதிகாரி ஐக்மன், ஜெருசலேமில் கூண்டில் நின்று, மேலிடம் சொன்னதைத்தான் செய்தேன் என்று வாதாடியது உண்மை. ஆனால் அந்த விசாரணை தொடங்கியது 1961 ஏப்ரலில். பெட்டியின் முதல் வடிவம் அதற்கு முந்தைய ஆண்டே யேல் பல்கலைக்கழகத்தில் தயாராகிவிட்டது. சோதனை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது தீர்ப்பு வந்தது என்பதால் இரண்டும் மக்கள் மனதில் ஒன்றாகிவிட்டன.

1960 இலையுதிர் காலத்தில் யேலில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த மில்கிராம், தன் வகுப்பு மாணவர்களை வைத்தே ஒத்திகை பார்த்தார். மாணவர்கள் கைவேலையாக ஒரு பெட்டியைச் செய்தார்கள். ஷாக் வாங்குவதுபோல நடிக்கிறவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிவார். குரல் கேட்காது. அந்த ஒத்திகையில் ஓர் எதிர்பாராத சிக்கல் வந்தது. வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கடைசிச் சுவிட்சு வரை போய்விட்டார்கள். அபாயம் என்று எழுதியிருப்பது யாரையும் தடுக்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்கள்.

எல்லோரும் பாஸ் ஆகிற பரீட்சையால் யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் எதிர்ப்பக்கத்து ஆளைச் சத்தம் போடவைக்க வேண்டி வந்தது. பின்னாளில் இந்தச் சோதனையை உலகம் நினைவு வைத்திருப்பதே அந்த அலறலால்தான். அதைச் சேர்த்தது பயமுறுத்துவதற்காக அல்ல. நிறுத்துவதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துப் பார்ப்பதற்காக.

இந்தச் சமயத்தில் பிட்ஸ்பர்கில் ஆர்னால்ட் பஸ் என்ற உளவியலாளரும் இதே மாதிரி ஒரு ஷாக் கருவியைச் செய்து வைத்திருந்தார். ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்தது. ஆனால் இரண்டு கருவிகளின் கேள்வியும் வேறு. ஒருவருக்குள் இருக்கும் ஆத்திரம் எவ்வளவு என்று பஸ் அளந்தார். ஆத்திரமே இல்லாத ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு தூரம் போவார் என்று அளந்தவர் மில்கிராம்.

1961-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி கிடைத்ததும் பெட்டி முழு அந்தஸ்தோடு மறுபிறவி எடுத்தது. தொழிற்சாலைக் கருவிகளுக்கு எழுத்துப் பொறிக்கும் ஆட்களைக் கொண்டு முகப்பு பொறிக்கப்பட்டது. பாகங்கள் எல்லாம் முதல் தரம். இல்லாத கம்பெனியின் பெயரும் ஊரும் சேர்ந்தன. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வரக்கூடாது.

1961 ஜூனில், யேல் இருக்கும் நியூ ஹேவன் ஊரின் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நினைவாற்றல் பற்றிய ஆய்வுக்கு ஆண்கள் தேவை. ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், பஸ் செலவுக்கு 50 சென்ட். ஆலைத் தொழிலாளர்கள், முடிதிருத்துவோர், குமாஸ்தாக்கள், விற்பனையாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள் யாரும் வரலாம். மாணவர்கள் வேண்டாம். அது போதாமல் போனபோது தபால் மூலமும் ஆள் சேர்த்தார்கள். 1961 ஆகஸ்ட் 7-இல் வேலை தொடங்கியது.

வருகிறவருக்கு என்ன நடக்கும் என்று பார்ப்போம். உள்ளே சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஆராய்ச்சியாளர் ஒருவர் விறைப்பாக நிற்பார். உண்மையில் அவர் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆசிரியர். இன்னொரு 'விண்ணப்பதாரரும்' வந்து காத்திருப்பார். 47 வயது, கொஞ்சம் பருமன், சாந்தமான முகம். அவர் ஒரு கணக்காளர், நடிப்புக்காக அமர்த்தப்பட்டவர். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டுக் குலுக்குவார்கள். இரண்டு சீட்டிலும் 'ஆசிரியர்' என்றுதான் எழுதியிருக்கும். உண்மையாக வந்தவருக்கு எப்போதும் ஆசிரியர் வேலைதான் விழும்.

மாணவரை அடுத்த அறையில் நாற்காலியோடு வார் போட்டுக் கட்டி, மணிக்கட்டில் மின்முனை வைப்பார்கள். தோல் கொப்பளிக்காமல் இருக்கப் பசை தடவுவார்கள். ஆசிரியர் இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அவர் பெட்டி முன்னால் உட்கார்ந்ததும், நம்பிக்கைக்காக அவர் கையிலேயே ஒரு மாதிரி ஷாக் கொடுப்பார்கள். அது 45 வோல்ட் பேட்டரியிலிருந்து வந்தது, நிஜமானது. அந்தச் சோதனை முழுவதிலும் யாராவது ஷாக் வாங்கினார் என்றால், அந்த ஒரு தடவை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வாங்கியதுதான்.

சொற்களை ஜோடி ஜோடியாக வாசிக்க வேண்டும். மாணவர் ஜோடியைத் தப்பாகச் சொன்னால் ஒரு சுவிட்சு. அடுத்த தப்புக்கு அடுத்த சுவிட்சு. குரல் சேர்த்த சோதனைகளில் ஒலிநாடா பேசும். 75 வோல்ட்டில் முனகல். 150-இல், அதாவது பத்தாவது சுவிட்சில், என்னை வெளியே விடுங்கள் என்ற குரல். 270-இல் அலறல். 330-க்கு மேல் சத்தமே இருக்காது. ஆசிரியர் தயங்கித் திரும்பிப் பார்த்தால், கோட்டுக்காரர் வரிசையாக நான்கு வாக்கியங்களைச் சொல்வார். தொடருங்கள் என்ற வேண்டுகோளில் ஆரம்பித்து, உங்களுக்கு வேறு வழியில்லை என்ற கட்டளையில் முடியும். மிரட்டல் கிடையாது. எழுந்து போனாலும் நாலரை டாலர் கையில் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

எத்தனை பேர் கடைசி வரை போவார்கள் என்று மில்கிராம் மனநல மருத்துவர்கள் 40 பேரிடம் கேட்டார். ஆயிரத்தில் ஒருவர் போகலாம் என்றார்கள்.

1963-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையின் கணக்கு இது: 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். சதவீதத்தில் 65. 300 வோல்ட்டுக்கு முன்னால் ஒருவரும் நிறுத்தவில்லை. அந்தச் சோதனையில் குரல் இல்லை. 300-இல் மாணவர் சுவரை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதன்பின் பதில் வராது. பதில் வராவிட்டாலும் தப்பென்று எடுத்துக்கொண்டு அடுத்த சுவிட்சைப் போடச் சொன்னார்கள், போட்டார்கள். குரலைச் சேர்த்தபிறகும் 40-க்கு 25. பெண்களை உட்கார வைத்தபோதும் 40-க்கு 26.

ஐக்மன் அரக்கனல்ல, சாதாரண ஆள்தான் என்று அந்த வழக்கைப் பற்றிச் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் எழுதிய புத்தகமும் அதே 1963-இல் வெளிவந்தது. கட்டுரையும் புத்தகமும் கைகோத்துக்கொண்டன. ஜெர்மானியர்கள்தான் அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இதை ஜெர்மனியில் போய்ச் செய்து பார்க்கும் எண்ணம் மில்கிராமுக்கு ஆரம்பத்தில் இருந்தது. நியூ ஹேவனிலேயே இவ்வளவு கிடைத்தபின் அதற்கு அவசியமில்லாமல் போயிற்று. வதைமுகாம் நடத்தத் தேவையான ஆட்களை நடுத்தரமான ஓர் அமெரிக்க ஊரிலேயே எடுத்துவிடலாம் என்று 1979-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் சொன்னார். கெட்டவன் அணிக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் கிடைத்ததில்லை. பாடப் புத்தகம், சினிமா, மேடைப்பேச்சு என்று 65 சதவீதம் உலகம் சுற்றியது. மனிதனைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே அரக்கன் என்று முடிவு கட்டினார்கள்.

அந்த முடிவை இந்தப் பெட்டியே மறுக்கிறது. மில்கிராம் செய்தது ஒரு சோதனையல்ல, இருபதுக்கும் மேற்பட்ட சோதனைகள். 1974-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தந்திருக்கிறார். 65-ஐ மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் மற்றப் பக்கங்களைப் புரட்டவில்லை.

ஒரு சோதனையில் எந்தச் சுவிட்சை வேண்டுமானாலும் நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று ஆசிரியரிடம் விட்டுவிட்டார்கள். உள்ளே அரக்கன் இருந்தால் வெளியே வர இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? யார் கேட்கப் போகிறார்கள்? 40 பேரில் 38 பேர் 150 வோல்ட்டைத் தாண்டவில்லை. கடைசிச் சுவிட்சைத் தொட்டவர் ஒரே ஒருவர்.

இன்னொன்றில் எல்லாம் தலைகீழ். கோட்டுக்காரர் போதும் நிறுத்துங்கள் என்பார். ஷாக் வாங்குகிறவரோ, பரவாயில்லை, தொடருங்கள் என்று வீம்பு பிடிப்பார். ஒருவர்கூடத் தொடரவில்லை. இரண்டு கோட்டுக்காரர்களை நிறுத்தி, 150 வோல்ட்டில் ஒருவர் தொடரச் சொல்லவும் மற்றவர் நிறுத்தச் சொல்லவும் வைத்தபோது ஒருவரும் கடைசி வரை போகவில்லை. மேலே இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை என்று தெரிந்த நிமிடமே கை தானாக நின்றுவிட்டது.

மாணவரை அதே அறையில் உட்கார வைத்தால் 65 சதவீதம் என்பது 40 சதவீதம் ஆனது. அவர் கையைப் பிடித்து ஷாக் தகட்டில் அழுத்த வேண்டும் என்றால் 30 சதவீதம். கோட்டுக்காரர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டால் ஐந்தில் ஒருவர்தான் பணிந்தார். அதிலும் சிலர் போனில் ஏற்றுவதாகச் சொல்லிக்கொண்டே சின்னச் சுவிட்சையே திரும்பத் திரும்பத் தட்டினார்கள். மேலதிகாரியிடம் ஆமாம் சாமி போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஆளைக் காப்பாற்றும் அந்தத் தந்திரம் எந்த அலுவலகத்திலும் உள்ளதுதான்.

எனக்கு இவற்றில் மிக முக்கியமாகப் படுவது மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து உட்காரும் சோதனை. இரண்டு பேர் நடிகர்கள், ஒருவர் நிஜம். 150-இல் ஒரு நடிகர் எழுந்து, இனி நான் மாட்டேன் என்று போய் மூலையில் உட்காருவார். 210-இல் இன்னொருவர். நிஜ ஆசிரியர் தனியாகக் கோட்டுக்காரரிடம் மாட்டிக்கொள்வார். 40 பேரில் 36 பேர் மறுத்துவிட்டார்கள். அதே ஊர், அதே பெட்டி, அதே மாதிரி ஆட்கள். இதற்கு நேர் எதிரான சோதனையும் உண்டு. சுவிட்சை வேறொருவர் தட்டுவார், நீங்கள் கேள்வி மட்டும் வாசித்தால் போதும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தபோது 40 பேரில் 37 பேர் கடைசி வரை இருந்தார்கள். நான் அடிக்கவில்லையே, வாசிக்கத்தானே செய்தேன் என்பது அவர்கள் கணக்கு.

இப்போது சொல்லுங்கள், நியூ ஹேவன்காரர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? பத்தில் ஒருவர் என்ற கணக்கும் பத்தில் ஒன்பது பேர் என்ற கணக்கும் ஒரே ஊரில் எடுத்தவை. மாறியது மனித சுபாவம் இல்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்தார், யார் கண்ணுக்குத் தெரிந்தார், பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்பவைதான் மாறின.

கடைசி வரை போனவர்கள் சிரித்துக்கொண்டே போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வியர்த்து வழிந்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், திக்கினார்கள். முதல் 40 பேரில் 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு வந்தது. மூன்று பேருக்கு அது வலிப்பு மாதிரியே ஆகிவிட்டது. மனச்சாட்சி இல்லாதவனுக்கு வியர்க்காது. இவர்களுக்கு மனச்சாட்சி இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லி எழுந்து போகும் வழி தெரியவில்லை.

அந்த நடுக்கமே பெட்டியின் மேல் வழக்காக வந்து விழுந்தது. 1964-இல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர், நம்பி வந்தவர்களை இப்படி வதைக்க யார் உரிமை கொடுத்தது என்று ஆராய்ச்சி இதழிலேயே கேட்டார். அமெரிக்க உளவியல் சங்கம் மில்கிராமின் உறுப்பினர் விண்ணப்பத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பிறகு நடத்திய கருத்துக்கணிப்பில் கலந்துகொண்டவர்களில் 84 சதவீதத்தினர் வந்ததில் மகிழ்ச்சி என்றார்கள் என மில்கிராம் பதில் சொன்னார். ஆனாலும் மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு இன்று இருக்கும் கெடுபிடிகளுக்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம். இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதை அப்படியே செய்ய அனுமதி கிடைக்காது.

பெட்டியின் நம்பகத்தன்மை மீதும் கேள்விகள் எழுந்தன. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜினா பெர்ரி, யேலில் இருக்கும் ஒலிநாடாக்களைக் கேட்டுவிட்டு 2012-இல் ஒரு புத்தகம் எழுதினார். கோட்டுக்காரர் நான்கு வாக்கியங்களோடு நிற்காமல் தன் இஷ்டத்துக்கு வாதாடி வற்புறுத்தியிருக்கிறார் என்று காட்டினார். ஷாக் உண்மையா என்று சந்தேகப்பட்டவர்களும் கணிசம். மில்கிராமின் கருத்துக்கணிப்பிலேயே, முழுக்க நம்பினோம் என்றவர்கள் 56 சதவீதம்தான். உண்மையென்று நம்பியவர்களே அதிகம் மறுத்தார்கள் என்று பழைய தாள்களிலிருந்து எடுத்து 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. மில்கிராம் தன் புத்தகத்தில் சேர்க்காமல் விட்ட சோதனை ஒன்றும் வெளியே வந்தது. அதில் நண்பரையோ உறவினரையோ கூட்டி வரச் சொல்லி, அவரையே மாணவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 20 பேரில் 17 பேர் மறுத்துவிட்டார்கள்.

இந்தக் குறைகளையெல்லாம் கழித்தாலும் மிச்சம் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. 2009-இல் கலிபோர்னியாவின் ஜெர்ரி பர்கர், 150 வோல்ட்டோடு நிறுத்தும் பாதுகாப்பான வடிவத்தில் சோதனையைத் திரும்பச் செய்து முடிவுகளை வெளியிட்டார். 70 சதவீதத்தினர் அதைத் தாண்டத் தயாராக இருந்தார்கள். போலந்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் 80 பேரில் 90 சதவீதத்தினர் பத்தாவது பொத்தான் வரை போனார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் கோட்டுக்காரரின் சொல்லுக்கு மதிப்புக் குறையவில்லை.

மில்கிராம் 1984 டிசம்பரில் மாரடைப்பால் இறந்தார். வயது 51. பெட்டி இப்போது ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் உளவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பட்டிமன்றத்துக்கு இந்தப் பெட்டி சொல்லும் தீர்ப்பு இரண்டு அணிக்கும் பிடிக்காது. அடுத்தவனை நோகடிக்கும் ஆசை பெரும்பாலோருக்கு இல்லை. தேர்வு தங்கள் கையில் இருந்தபோது 40-க்கு 38 பேர் அதை நிரூபித்தார்கள். ஆனால் அந்த நல்ல குணம் தனியாக நின்று ஒரு கோட்டுக்காரரை எதிர்க்கும் அளவுக்குப் பலமானதும் இல்லை. கொடுமை செய்யக் கொடியவர்கள் தேவையில்லை. மரியாதையான ஓர் இடம், தயங்காத ஒரு குரல், பதினைந்து பதினைந்தாக ஏறும் படிகள் இருந்தால் போதும். ஒருவரிடம் முதலிலேயே 450-ஐத் தட்டச் சொன்னால் எழுந்து போயிருப்பார். 435-ஐத் தட்டியவருக்கு 450-ஐ மறுக்க என்ன காரணம் மிச்சமிருக்கிறது?

ஆகவே நம் கையில் இருக்கும் இடம் எது என்று பர்கர் போட்ட கணக்கு காட்டுகிறது. மில்கிராமின் சோதனையில் 150 வோல்ட்டைத் தாண்டியவர்களில் 79 சதவீதத்தினர் கடைசி வரை போய்விட்டார்கள். அடுத்த அறையிலிருந்து முதல்முறையாக 'வேண்டாம்' என்று குரல் வருகிற இடம் அது. காவல் நிலையமோ, மருத்துவமனையோ, அலுவலகமோ, வகுப்பறையோ, தப்பென்று தெரிந்த ஒன்றைச் செய்யச் சொன்னால் முதல் தடவையே மறுத்துவிடுங்கள். மனதுக்குள் மறுக்காமல் வாய்விட்டு, நாலு பேர் காதில் விழும்படி மறுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது நீங்கள் எழுந்து நின்ற பிறகுதான் முடிவாகும்.